படம் கேட்ட பரீட்சை

அமெரிக்க நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றிலே ஒரு பாடம் நடக்கிறது. பகலெல்லாம் நகரசபையிலும் தபால் நிலையத்திலும் உழைத்துவிட்டு, இரவிலே கணினியின் முன் அமர்ந்து, இணையத்தின் வழியே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கான பாடம். பொதுப்பணியில் பன்முகத்தன்மை என்று அதற்குப் பெயர். பெயர் பெரிது, பொருள் நமக்குப் பழக்கமானதுதான். சர்க்கார் நாற்காலியில் யார் உட்காரலாம், யார் வாசலில் நிற்கவேண்டும் என்பதே அந்தப் பாடம், தோழர்களே!

அந்தப் பாடத்திற்கு வந்திருக்கிறது சோதனை. 2025 ஜனவரி 20-ந் தேதி டிரம்ப் பதவியேற்றார். அன்றே, மத்திய சர்க்காரில் இதற்கென்று இருந்த திட்டங்களை மூடும்படி ஆணை. மறுநாள் இன்னொன்று: சர்க்கார் ஒப்பந்தம் பெறும் கம்பெனிகள் நிறம் பார்த்து ஆளை ஒதுக்கக்கூடாது என்று 1965-ல் ஜான்சன் போட்ட உத்தரவு ரத்து. 22-ந் தேதி மாலை 5 மணிக்குள் அந்த அலுவலகங்களின் ஊழியர்கள் விடுப்பில் வீட்டுக்கு! அறுபது ஆண்டு நின்ற உத்தரவு, ஒரு கையெழுத்திலே ஒழிந்தது.

ஏன் இப்படி என்று கேட்டால், தகுதியை மீட்கிறோம் என்கிறார்கள். ஆணையின் தலைப்பிலேயே தகுதி இருக்கிறது. தகுதி! இந்தச் சொல்லை நாம் கேட்டதில்லையா? 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு சென்னை மாகாணத்து வகுப்புவாரி உத்தரவை வெட்டியபோது கேட்டோம். கல்லூரி இடத்திற்கும் போயிற்று, முன்சீப் பதவிக்கும் போயிற்று. தமிழகம் கொதித்தெழுந்தது, அரசியல் சட்டமே அந்த ஆண்டு முதல்முறையாகத் திருத்தப்பட்டது. ஆகவே, அமெரிக்காக்காரர் தகுதி என்றதும் நாம் மயங்கவில்லை; அந்தத் தகுதியின் ஜாதகத்தைப் பார்க்கிறோம்.

1881-ல் ஜனாதிபதி கார்பீல்டை, உத்தியோகம் கிடைக்காத ஒருவன் சுட்டான். பதவிகளைப் பரிசாக வாரிக் கொடுத்த கேடு அப்போதுதான் உறைத்தது. 1883-ல் சட்டம் செய்தார்கள்: இனி சிபாரிசு இல்லை, பரீட்சை. நல்ல சட்டம்தான், மறுக்கவில்லை. கறுப்பின மக்கள் எழுதினார்கள், தேறினார்கள், வாஷிங்டனிலே மேஜை பெற்றார்கள்.

1913-ல் வந்தார் வில்சன். பல்கலைக் கழகத் தலைவராய் இருந்த மேதை. உலகுக்கே ஜனநாயகம் போதித்தவர்! அவர் ஆட்சியில் கஜானா இலாகாவிலும் தபால் இலாகாவிலும் கறுப்பருக்குத் தனி இடம், தனிக் கழிப்பறை, நடுவிலே மறைப்பு. 1914-லே, பரீட்சைக்கு விண்ணப்பிப்போர் புகைப்படமும் அனுப்பவேண்டும் என்றார்கள். ஏன் படம்? தேறியவர்களில் மேலிருந்து மூன்று பெயர் அதிகாரியிடம் போகும்; மூவரில் ஒருவரை அவர் எடுக்கலாம். மதிப்பெண்ணில் முதல்வனாய் இருந்தாலும் படத்திலே கறுப்பன் என்றால் கழித்துக் கட்டலாம்! சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. பரீட்சை அப்படியே, தகுதி அப்படியே. ஆள் மட்டும் உள்ளே போகவில்லை.

மன்ரோ டிராட்டர் என்ற கறுப்பினப் பத்திரிகையாளர் அந்த ஆண்டு வெள்ளை மாளிகைக்கே சென்று, இது நியாயமா என்று கேட்டார். பேசும் தோரணை பிடிக்கவில்லை என்று வெளியே அனுப்பினார் வில்சன்.

வழி திறந்தது யார் தெரியுமா? ரயில் தொழிலாளி. புல்மன் கம்பெனியின் படுக்கை வண்டிகளிலே பெட்டி தூக்கி, பாதுகை துடைத்த கறுப்பர்களை, முதலாளி பெயரால் 'ஜார்ஜ்' என்றே அழைத்தார்கள் பிரயாணிகள். சொந்தப் பெயரும் இல்லாத அந்த மனிதர்களுக்கு 1925-ல் சங்கம் கண்டார் பிலிப் ராண்டால்ப். கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடப் பன்னிரண்டு ஆண்டாயிற்று. அவரே 1941-ல், லட்சம் பேரைத் திரட்டி வாஷிங்டனுக்கு வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் வேண்டாமென்று பார்த்தார், ராண்டால்ப் அசையவில்லை. ஜூன் 25-ல் பிறந்தது உத்தரவு: யுத்தத் தொழிற்சாலைகளிலும் சர்க்காரிலும் நிறபேதம் கூடாது!

ஒன்றை ஒளிக்காமல் சொல்வோம். இந்தப் பெயரிலே நடக்கும் வகுப்புகளில் சில, வெறும் உபதேசம். மனம் திருந்து, மரியாதையாய்ப் பேசு என்பதோடு முடிந்துவிடும். அப்படிப்பட்ட வகுப்புக்காக நாம் கண்ணீர் விடவில்லை. எத்தனை நாற்காலி, எவர் அதில், படம் கேட்டவர் யார் என்று கணக்குச் சொல்லும் வகுப்பு இருக்கிறதே, அது போகக்கூடாது.

போகுமா? டெக்சாஸ் மாநிலத்தைப் பாருங்கள். 2023-ல் சட்டம் செய்து, 2024 ஜனவரி 1 முதல் பொதுப் பல்கலைக் கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூடினார்கள். பாடம் நடத்துவதற்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அலுவலகத்திற்குப் பூட்டு, ஆசிரியருக்கு அனுமதி! 2025-ல் இன்னொரு சட்டம் வந்தது. பாடத்திட்டத்தின்மீதே கூடுதல் அதிகாரம், கவர்னர் நியமிக்கும் நிர்வாகக் குழுக்களுக்குப் போயிற்று.