ஓடும் பிள்ளைக்கு இடுப்பு வலித்தால்

மதுரையை அடுத்து, யானைமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஒத்தக்கடையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. சக்கிமங்கலத்தில் பிறந்த ரேவதி வீரமணி, 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். காவலர் தேர்வின் 1500 மீட்டர் ஓட்டத்தை 7 நிமிடத்திற்குள் முடிக்க வேண்டி விடியற்காலையில் ஓடிப் பழகும் இளைஞர் பலர். பிள்ளையின் கால்களையே நம்பியிருக்கும் குடும்பங்களில், அவன் தன் வலியை மறைத்துவிடுவதும் உண்டு. ஆகவே இடுப்பு வலியைப் பற்றிப் பெற்றோர் சிறிது அறிந்திருத்தல் நலம்.

‘இடுப்பு’ என்னும் ஒரே சொல்லால் அரைஞாண் கட்டும் இடத்தையும், முதுகின் அடிப்பகுதியையும், தொடை பொருந்தும் மூட்டையும் குறிக்கிறோம். எனவே, வலிக்கும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழியில், கிண்ணத்தினுள் பந்து போல் சுழல்கிறது. இம்மூட்டு ஆழத்தில் இருப்பதால், அதன் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தோன்றும். சில வேளைகளில் முழங்காலில் மட்டுமே தோன்றி நம்மை ஏமாற்றும்.

கபடியில் எதிரியைத் தொடக் காலை எட்டி நீட்டும்போதும், பிடிபட்ட காலை வலிந்து இழுக்கும்போதும் உட்தொடைத் தசை கிழிவதுண்டு. விரைந்து ஓடுவோர்க்குப் பிட்டத்தின் கீழே பின்தொடைத் தசை பாதிக்கப்படும். நெடுந்தூரம் ஓடுவோர்க்கு இடுப்பின் வெளிப்புறத் தசைநார்கள் நொந்து, ஒருக்களித்துப் படுக்கையில் வலிக்கும். குந்தி அமர்கையில் தொடை இடுக்கில் ‘சடக்’கென்று குத்தினால், மூட்டுக் கிண்ணத்தின் விளிம்புக் குருத்தெலும்பு கிழிந்திருக்கலாம். தசைக் காயங்களில் பெரும்பாலானவை ஓய்வினாலும், படிப்படியான பயிற்சியினாலும் குணமாகும்.

ஆனால், தாமதம் செய்யக்கூடாதவை சில உண்டு.

முதலாவது, வளரும் பிள்ளைகளுக்கு வருவது. ஏறக்குறைய 10 முதல் 16 வயதுக்குள், சிறப்பாக உடல் பருத்த பிள்ளைகளுக்கு, தொடை எலும்பின் தலை தன் வளர்ச்சித் தட்டிலிருந்து மெல்ல நழுவிவிடும். பிள்ளை நொண்டுவான், பாதம் வெளிப்புறம் திரும்பும், முழங்கால் வலிப்பதாகவும் சொல்வான். அவனை நடக்கவிடாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாவது, ஓட்டப் பயிற்சியைத் திடீரெனக் கூட்டுவோர்க்கு வருவது. தேர்வு அறிவிப்பு வந்ததும், பழக்கமில்லாத கால்களுடன் நாள்தோறும் பல கிலோமீட்டர் ஓடினால், தொடை எலும்பின் கழுத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு உண்டாகலாம். ஓடும்போது தொடை இடுக்கில் வலிக்கும், அமர்ந்தால் தணியும். பொறுத்துக்கொண்டு ஓடினாலோ எலும்பு முற்றும் முறியலாம். தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டு மூட்டே அழியலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரே படத்தில் இவ்வெடிப்பு தெரியாமற்போவதுண்டு, எம்.ஆர்.ஐ. படம் தேவைப்படலாம்.

மூன்றாவது, மாடு முட்டியோ வாகனத்திலிருந்து விழுந்தோ மூட்டு நழுவுதல். கால் குறுகி, உட்புறம் திரும்பிக் கிடக்கும். 6 மணி நேரத்திற்குள் மூட்டை அதன் இடத்தில் சேர்ப்பது மிக முக்கியம். காய்ச்சலோடு கூடிய இடுப்பு வலியும் அவசரமானதே.

இத்தகைய நிலைகளில் சுளுக்கென்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவுவதும், காலைப் பிடித்து வெட்டியிழுப்பதும் பெருந்தீங்கு விளைவிக்கும். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவப் பிரிவு உண்டு. அங்குச் சென்று காட்டுவதற்குத் தயங்க வேண்டாம்.

சிறு தசைக் காயமெனில், முதல் இரண்டு நாள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்குப் 15 நிமிடம் ஒத்தடம் கொடுத்து, ஓய்வு கொடுங்கள். சூட்டு ஒத்தடமும் தேய்ப்பும் அப்போது வேண்டாம். ஒரு வாரத்தில் நொண்டல் தீராவிடில் மருத்துவரைக் காணுங்கள்.

ஓய்வெடுத்தால் வாய்ப்புப் போய்விடும் என்று அஞ்சும் இளைஞர், ஈட்டி வீரர் நீரஜ் சோப்ராவை எண்ணிப் பார்க்கட்டும். 2022 ஜூலையில் உலகப் போட்டியில் வெள்ளி வென்றபோது அவருடைய தொடை இடுக்கில் காயம் ஏற்பட்டது. மருத்துவர் சொற்படி பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியை விட்டுக்கொடுத்து ஓய்வெடுத்தார். ஆகஸ்ட் இறுதியில் லொசான் நகரில் 89.08 மீட்டர் எறிந்து வென்றார். அடுத்த ஆண்டு உலகப் பட்டத்தையும் அடைந்தார்.

பயிற்சியை வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஓடுமுன் உடலைச் சூடேற்றுங்கள். வாரத்தில் ஒரு நாளேனும் ஓய்வு கொள்ளுங்கள். பெற்றோரே, பிள்ளை வலியென்று சொன்னால் சோம்பல் என்று கடிந்துகொள்ளாதீர்கள். அவன் அச்சமின்றிச் சொல்லும் வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். ஒரு தேர்வு தவறினால் மறு தேர்வு வரும். அழிந்த மூட்டு மீண்டும் முளைப்பதில்லை.