கரிசல் பேச்சு கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டாமா?

புரட்டாசி பிறந்துவிட்டால் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு வட்டாரங்களில் மானாவாரி விவசாயிகளுக்குக் கேள்விகள் ஏராளம். மழைக்கு முன்னரே புழுதியில் விதைத்துவிடலாமா, ஓர் ஈரம் கண்ட பிறகு விதைக்கலாமா? உளுந்தா, பாசியா, மக்காச்சோளமா? முன்பெல்லாம் இக்கேள்விகள் பக்கத்துப் புஞ்சைக்காரரிடமும், வேளாண்மை அலுவலரிடமும், உரக்கடையிலும் கேட்கப்பட்டன. இப்போது செல்போனிடமும் கேட்கப்படுகின்றன. எழுத வேண்டியதில்லை, வாயால் கேட்டால் போதும், கம்ப்யூட்டர் தமிழிலேயே பதில் சொல்கிறது. இந்திய மொழிகளைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கும் 'பாஷினி' திட்டத்தை மத்திய அரசு 2022ல் தொடங்கியது. பி.எம்.கிசான் உதவித்தொகை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல 'கிசான் இ-மித்ரா' என்ற ஏற்பாடு 2023ல் வந்தது. அதில் தமிழும் உண்டு.

வரவேற்க வேண்டிய வளர்ச்சிதான். ஆனால் அந்தத் தமிழ் எந்தத் தமிழ் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கரிசல் விவசாயி ஒருவர், "மல்லி வெதைக்கப் பட்டம் எது?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் மல்லி என்றால் கொத்தமல்லி. அதில் ஐயமே இல்லை. வேறு ஊர்களில் அது தலையில் சூடும் பூ. பட்டம் என்றால் விதைப்புப் பருவம். பள்ளிப் பிள்ளைக்கு அது வானத்தில் பறப்பது, கல்லூரிக்காரருக்கு வாங்கி மாட்டுவது. "காட்டுக்குப் போனேன், பருத்தியில சப்பை கொட்டிக் கிடக்கு" என்று அவர் சொன்னால், காடு என்பது புலி திரியும் காடல்ல, அவருடைய சொந்தப் புஞ்சை. சப்பை என்பது பருத்தியின் இளமொட்டு. பாசி என்பது குளத்தில் படர்வதல்ல, பயறு. குறுக்கம் என்ற நில அளவும் இங்கே வழக்கில் உண்டு. "குறுக்கத்துக்கு எத்தனை படி விதை?" என்ற கேள்வியை ஏக்கரும் கிலோவும் மட்டுமே அறிந்த கருவி எப்படி விளங்கிக்கொள்ளும்?

கம்ப்யூட்டர் மொழியை நாம் கற்பது போலக் கற்பதில்லை. கோடிக்கணக்கான வரிகளைப் படித்து, எந்தச் சொல்லுக்கு அருகில் எந்தச் சொல் வருகிறது என்று கணக்கிட்டுப் பழகுகிறது. அது படிக்கும் தமிழ் எழுத்துத் தமிழ். நாம் பேசுவது போல எழுதுவதில்லை, எழுதுவது போலப் பேசுவதும் இல்லை. மொழியியலார் இதை இரட்டை வழக்கு என்கிறார்கள். தமிழை அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகச் சொல்வதும் உண்டு. "மழை பெய்துகொண்டிருக்கிறது" என்று எந்த விவசாயி சொல்கிறார்? "மழ பேஞ்சுக்கிட்டிருக்கு" என்பதுதான் பேச்சு. இந்தப் பேச்சு அச்சில் ஏறியது குறைவு. ஆகவே கருவிக்கும் அதில் பழக்கம் குறைவு.

பூவும் கொத்தமல்லியும் மாறிப்போனால் சிரித்துவிட்டுப் போகலாம். "மருந்து அடிக்கணுமா, வேணாமா?" என்பதில் அப்படிப் போக முடியாது. "வேணும்", "வேணாம்" இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஓர் உயிரொலிதான். காற்று அடிக்கும் கரிசல் வெளியில், டிராக்டர் ஓடும் சத்தத்தில், அந்த ஒலி தப்பிப்போகலாம். அளவுக் குழப்பம் இன்னும் மோசம். நம் விவசாயிகளில் பலர் மருந்தை மில்லியில் அளப்பதில்லை. "டேங்குக்கு ரெண்டு மூடி" என்பதே கணக்கு. எல்லாப் பாட்டிலுக்கும் மூடி ஒன்றல்ல, எல்லா டேங்கும் ஒரே கொள்ளளவு அல்ல. "எத்தனை மூடி?" என்று கேட்டவரிடம் எந்த மருந்து, எவ்வளவு பெரிய மூடி என்று திருப்பிக் கேட்காமல் ஓர் எண்ணைச் சொல்லும் கருவி, பயிரையும் கெடுக்கும், தெளிப்பவர் உடம்பையும் கெடுக்கும்.

கருவி திக்கித் திணறிப் பேசினால் விவசாயி சந்தேகப்படுவார். அது தங்குதடையின்றிப் பேசுவதுதான் சிக்கல். 1966ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்ற புரோகிராமை வெளியிட்டார். எதிராளி சொன்னதில் சில சொற்களைப் பொறுக்கி, அதையே கேள்வியாகத் திருப்பிப் போடும்; அவ்வளவுதான். ஆனாலும் அது தங்களைப் புரிந்துகொள்கிறது என்று மக்கள் நம்பினார்கள். அதைச் செய்தவரே அந்த நம்பிக்கையைக் கண்டு கவலைப்பட்டார். இன்றைய கருவிகள் எலிசாவைவிடப் பல மடங்கு திறமை வாய்ந்தவை. ஆகவே அவற்றை நம்பிவிடுவதும் பல மடங்கு எளிது.

விவசாயிகள் நல்ல தமிழில் கேட்கப் பழகட்டுமே, ஊருக்கு ஊர் மாறும் சொல்லையெல்லாம் கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. இது சரியான வாதமல்ல. புஞ்சையில் நிற்பவருடைய சொல் கொச்சை அல்ல. அந்த மண்ணுக்கு அதுதான் துல்லியமான சொல். 'விதையைக் கடினப்படுத்துதல்' என்று துண்டுப் பிரசுரம் சொல்வதை "ஊறவச்சுக் காயவச்சு வெதைக்கிறது" என்று விவசாயி சொன்னால், எது தெளிவு? 1960களில் திருச்சி வானொலியின் பிரசாரத்தால் தஞ்சையில் பரவிய ஏ.டி.டி.27 நெல்லுக்கு விவசாயிகளே 'ரேடியோ நெல்' என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பெயர் வைக்கும் உரிமையை அவர்கள் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

சொற்களைத் திரட்டுவது முடியாத காரியமும் அல்ல. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி.ராஜநாராயணன், 1982லேயே கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கு அகராதி கொண்டுவந்துவிட்டார். அவரும் விவசாயிதான். சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4பாரத்' குழு 22 இந்திய மொழிகளில் மக்கள் பேச்சைப் பதிவு செய்து வருகிறது. பாஷினியிலும் பொதுமக்கள் தங்கள் குரலைக் கொடுக்க வழி இருக்கிறது. கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901 முதல் இயங்கிவருகிறது. அங்கு வரும் விவசாயிகளின் கேள்விகளை, அவர்கள் அனுமதியோடு, அவர்கள் வாய்ச்சொல்லிலேயே பதிவு செய்து இந்தத் திட்டங்களுக்குக் கொடுத்தாலென்ன? இரண்டு பட்டத்தில் போதுமான பேச்சு சேர்ந்துவிடும். பெண்களின் குரல் அதில் அவசியம் இருக்க வேண்டும். களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் அவர்கள்தான்; பூச்சியை முதலில் பார்ப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

கருவியைச் செய்பவர்களுக்கும் ஒரு நிபந்தனை தேவை. பதில் சொல்லுமுன், "நீங்கள் கேட்டது கொத்தமல்லி விதைப்பு பற்றித்தானே?" என்று அது திருப்பிக் கேட்க வேண்டும். மருந்தின் அளவு என்றால் லேபிளைப் பார்க்கச் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழக்க வேண்டும்.

அதுவரை மருந்து, பூச்சி, நோய் பற்றிய கேள்விகளை மனிதரிடமே கேட்பது நல்லது. 2004 முதல் இயங்கும் கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். அங்கே மல்லி என்று சொன்னால், விளங்காதவர்கூட, "பூவா, கொத்தமல்லியாங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார்.