விலைக்கு வந்த விளக்கு

அலாவுதீனும் அற்புத விளக்கும் என்னும் கதையை அறியாத மாணவர் அரியர். 1957-ஆம் ஆண்டிலும் 1979-ஆம் ஆண்டிலும் அது தமிழில் திரைப்படமாகவும் வந்தது. விளக்கைத் தேய்த்தால் பூதம் தோன்றும், கேட்டதையெல்லாம் கொடுக்கும். சிறுவர் மனம் இவ்வளவில் நிறைவு பெற்றுவிடும். ஆயின், அக்கதையின் தொடக்கத்தை ஊன்றி நோக்குவார் சிலரே.

தையற்காரன் ஒருவன் இறந்துவிடுகிறான். அவன் மகன் தெருவில் விளையாடித் திரிகிறான். அயல்நாட்டு மந்திரவாதி ஒருவன் அவனைக் கண்டு, "யான் உன் தந்தையின் உடன்பிறந்தவன்" என்று சொல்லிக் கட்டித் தழுவுகிறான். இறந்தவனை நினைந்து கண்ணீர் வடிக்கிறான். இராவுணவுக்குப் பொருள் தருகிறான். மறுநாள் புத்தாடை வாங்கி உடுத்துகிறான். தாய்க்கு முதலில் ஐயமே. கணவனுக்கு அத்தகைய உடன்பிறந்தான் ஒருவன் உயிரோடு இருப்பதாக அவள் அறிந்ததில்லை. எனினும், வந்தவன் பொழிந்த அன்பு அவ்வையத்தைக் கரைத்துவிட்டது. குகையும் விளக்கும் பூதமும் அதற்குப் பின்னரே வருகின்றன.

இக்கதையை அலெப்போ நகரத்தவரான அன்னா தியாப் என்பவர் 1709-இல் பாரிசு நகரில் கூறக் கேட்டு, அந்துவான் காலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆயிரத்தொரு இரவுகள் என்னும் தம் மொழிபெயர்ப்பில் சேர்த்தார். கதை சொன்னவர் உலகம் சுற்றியவர். மோசக்காரனின் வழியை அறிந்தே சொல்லியிருக்கிறார். முன்னர் வருவது உறவு. பின்னர் வருவது விளக்கு. இம்முறை இன்றளவும் மாறவில்லை.

தில்லிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் மீரட் என்னும் நகரம் உள்ளது. அங்கு மருத்துவர் ஒருவரிடம் சிலர் வந்து, தம் வீட்டுப் பெண் ஒருத்திக்குச் சிகிச்சை செய்யுமாறு வேண்டினர். மருத்துவரும் அவ்வீட்டிற்குப் பலமுறை சென்று வந்தார். பழக்கம் முதிர்ந்தது. தம்மை ஆட்கொண்ட மந்திரசித்தர் ஒருவர் உண்டு என்று அவர்கள் மெல்லச் சொல்லத் தொடங்கினர். பின்னர் ஒரு நாள் பொன்னிற விளக்கு ஒன்றைக் காட்டி, இது செல்வமும் நலமும் நல்கும் அலாவுதீனின் விளக்கு என்றனர். அவர் கண்முன்னே பூதமும் தோன்றியது! நோயாளியின் நாடியைத் தொட்டுப் பார்த்தன்றி எதையும் கூறாத அம்மருத்துவர், பூதத்தைத் தொடலாமா என்று கேட்டார். தொட்டால் தீங்கு நேரும் என்று தடுத்துவிட்டனர். விளக்கை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாமா என்று கேட்டதற்கும் அதுவே விடை. விளக்கின் விலை 1½ கோடி ரூபாய் என்றனர்; சுமார் 31 இலட்சம் ரூபாயை அவர் கொடுத்தும்விட்டார். பூதமாக வந்து நின்றவன் அம்மோசக்காரருள் ஒருவனே என்பதைப் பின்னரே உணர்ந்தார். அவர் முறையிட, 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் காவலர் இருவரைக் கைது செய்தனர்.

இச்செய்தி உலகெங்கும் பரவியது. படித்தவர் எல்லாம் நகைத்தனர். பூதத்தை நம்பிய மருத்துவர் என்று ஏளனம் பேசினர். பேராசை பெருநட்டம் என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குச் சென்றனர். பழமொழி பொய்யன்று. உழைப்பின்றி வரும் செல்வத்தின்மேல் அம்மருத்துவர்க்கு ஆசை இருந்தது என்பதை மறுத்தற்கில்லை. ஆயினும், ஆசை ஒன்றே அவரைக் கெடுத்ததாயின், அம்மோசக்காரர் முதல் நாளே விளக்கோடு வந்திருக்கலாமே? பல நாள் நோயாளி வீட்டாராய் நடித்தது எதற்கு? தெருவில் நின்று பூத விளக்கு விற்பவனிடம் அம்மருத்துவர் ஒரு ரூபாயும் கொடுத்திரார். பிணி தீர்க்கும் கையை நம்பி வந்த எளிய குடும்பத்தார் என்று தாம் கருதியவரிடமே கொடுத்தார்.

கல்வி காக்காதோ என்று மாணவர் வினவக்கூடும். ஒரு துறையில் கூர்மை பெற்ற அறிவு பிறிதொரு துறையில் மழுங்கி நிற்பது உண்டு. புவியீர்ப்பின் விதியைக் கண்டுரைத்த நியூட்டன், 1720-இல் தென்கடற் கம்பெனியின் பங்கு விலை ஏறிய மயக்கத்தில் தாமும் விழுந்து பெரும்பொருள் இழந்தார்.

விழுப்புரத்தை அடுத்த காணை போன்ற ஊர்களுக்கு அலாவுதீன் விளக்கு வருதல் அரிது. தமிழ்நாட்டில் அதன் இடத்தில் இருப்பது கலசம். கோபுரத்தில் இருந்த பழஞ்செப்புக் கலசத்தில் இடி விழுந்தது. செப்பு இரிடியமாக மாறிவிட்டது. அது அரிசியைத் தன்பால் இழுக்கும். வெளிநாட்டார் கோடிகோடியாகக் கொடுத்து வாங்குவர். இதுவே அவர்கள் சொல்லும் கதை. கரும்பை ஆலைக்கு அனுப்பிப் பணம் வந்த உழவனிடமோ, ஓய்வு பெற்றுச் சேமிப்பைக் கையில் வைத்திருக்கும் ஒருவரிடமோ இக்கதை மெல்ல வந்து சேரும். அதைக் கொண்டு வருபவன் பெரும்பாலும் முன்பின் அறியாதவன் அல்லன். மைத்துனனின் நண்பன், ஒன்றுவிட்ட அண்ணன், உடன் படித்தவன் என்று ஏதேனும் ஒரு முறை சொல்லிக்கொண்டே வருவான். சில வேளைகளில் அவனும் முன்னரே ஏமாந்து, இழந்ததை மீட்கும் நசையால் இன்னொருவரை இழுக்க வந்தவனாகவே இருப்பான்.

இரிடியம் என்பது 1803-இல் இலண்டனில் சுமித்சன் டென்னன்ட் என்பவர் பிளாட்டினத் தாதுவிலிருந்து கண்டறிந்த ஓர் உலோகம். மிகக் கனமானது, மிக அரியது, உந்துகளின் எரிபொறிச் செருகிகளின் முனைக்கும், கடும் வெப்பம் தாங்கும் மூசைகளுக்கும் பயன்படுவது. இடி விழுந்து செப்பு இரிடியம் ஆவதில்லை. இரிடியம் அரிசியை இழுப்பதும் இல்லை. அரிசியில் இரும்புத் துகளை ஏற்றிவிட்டுக் கலத்தினுள் காந்தத்தை மறைத்து வைத்தால் எந்த மண்சட்டியும் அரிசியை இழுக்கும். பள்ளி ஆய்வகத்தில் காந்தம் கண்ட மாணவன் அரை நாழிகையில் செய்து காட்டத்தக்க வித்தை இது. இவ்வித்தைக்குக் கோயில் கலசங்கள் களவு போனதும் உண்டு என்பது இதனினும் கொடுமை. 2025 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சி.பி.சி.ஐ.டி. காவலர் பல மாவட்டங்களில் சோதனை நடத்தி, இரிடியத்தின் பெயரால் பொருள் பறித்த குற்றச்சாட்டில் 30 பேரைக் கைது செய்தனர். ரிசர்வ் வங்கியின் பெயரால் பொய்ப் பத்திரங்களும் காட்டப்பட்டிருந்தன. பூதத்தின் இடத்தில் வங்கி முத்திரை வந்தது, வேறுபாடு அவ்வளவே.

இனி, இவ்வகை மோசடிகள் யாவற்றிற்கும் பொதுவான சொல் ஒன்று உண்டு. "எவரிடமும் சொல்லாதீர்" என்பதே அச்சொல். விளக்காயினும் கலசமாயினும் மண்ணுளிப் பாம்பாயினும் இச்சொல் இன்றி வாணிகம் நடைபெறாது. சொன்னால் பூதம் மறைந்துவிடும், சொன்னால் பங்கு கேட்பர், சொன்னால் அரசு பறித்துக்கொள்ளும் என்று காரணம் மட்டுமே மாறும். மண்ணுளிப் பாம்பை இருதலைப் பாம்பு என்று சொல்லி விற்போர் இதில் மிகத் தேர்ந்தவர். காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. பாம்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆதலால் பணம் இழந்தவன் காவல் நிலையம் செல்ல அஞ்சுவான். தானும் குற்றவாளி என்று எண்ணுபவன் எங்ஙனம் முறையிடுவான்? வாங்குவோனைத் தன் களவில் பங்காளி ஆக்கிக்கொள்வதே மோசக்காரன் கட்டும் மதில்.

அம்மதிலுக்கு மேல் முள்வேலி இடுபவர் பிறர். அவ்வேலி ஊராரின் நகைப்பே. 1925-இல் விக்டர் லுஸ்டிக் என்னும் பெரும்புரட்டன் பாரிசு நகரத்து ஈபெல் கோபுரத்தையே பழைய இரும்பு விலைக்கு விற்றான் என்பர். வாங்கியவர் ஒரு வணிகர். தாம் ஏமாந்ததை அறிந்தும், ஊர் நகைக்குமே என்று நாணி அவர் காவலரிடம் செல்லவில்லையாம். சில திங்களில் லுஸ்டிக் மீண்டும் பாரிசுக்கு வந்து அக்கோபுரத்தை இரண்டாம் முறை விற்க முயன்றான்! முதல் வணிகரின் நாணம் இரண்டாம் வணிகரின் வாயிலைத் திறந்துவிட்டது. பணத்தாளைத் தானே படியெடுக்கும் பெட்டி என்று சொல்லி அவன் பலருக்குப் பெட்டிகளையும் விற்றவன். அப்பெட்டி ஒரு தாளைப் படியெடுக்கப் பல மணி நேரம் ஆகும் என்பான். அந்நேரத்தில் அவன் ஊரைக் கடந்துவிடுவான்.

ஏமாந்தவரை நகையாவிட்டால் பிறர்க்கு அச்சம் எங்ஙனம் பிறக்கும் என்று சிலர் கேட்பர். நகைப்பினால் பிறப்பது ஏமாறும் அச்சம் அன்று. ஏமாந்ததைச் சொல்லும் அச்சமே. வீட்டில் தந்தையார் திடீரென நகையை அடகு வைக்கிறார். காரணம் கேட்டால் சினக்கிறார். புதிய நண்பர் ஒருவர் இரவில் வந்து போகிறார். அவ்வேளையில் "அப்பா, அது என்ன?" என்று ஒரு மகனோ மகளோ அமைதியாகக் கேட்கவும், அவர் தயங்காது சொல்லவும் இடம் இருக்க வேண்டும். பூதக்கதையை நம்பியவர் என்று ஏளனம் செய்து பழகிய வீட்டில் அவர் வாய் திறவார். அவ்வீட்டின் நிலம் போன பின்னரே செய்தி வெளிவரும்.

சட்டம் இவரைக் கைவிடவில்லை. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு, வஞ்சித்துப் பொருள் பறிப்பவனுக்கு 7 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ஏமாந்தவன் அறிவாளியா பேதையா என்று அப்பிரிவு வினவுவதில்லை. ஊரே அதை வினவுகிறது.

மீரட் மருத்துவர் நாணவில்லை என்று சொல்ல இயலாது. படித்தவர், பலர் மதிக்க வாழ்ந்தவர், பூதத்தின் பொருட்டுப் பணம் கொடுத்தேன் என்று காவலர் முன் உரைப்பது எளிதோ? எனினும் அவர் உரைத்தார். விளக்கு காவலர் கைக்கு வந்தது. அக்கூட்டத்தார் வேறு குடும்பங்களையும் இவ்வாறே வஞ்சித்திருந்தனர் என்று காவலர் கூறினர். அவற்றுள் ஒரு குடும்பமேனும் அவருக்கு முன்னே ஏமாந்து, முன்னே வாய் திறந்திருக்குமாயின், அவ்விளக்கு மருத்துவரின் கண்முன் வந்திராது.