ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடும் கதை

மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடந்த புத்தகத் திருவிழாவில் நாம் கண்ட காட்சி இது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி, நின்ற நிலையிலேயே ஒரு நாவலின் முதல் இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டாள். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பின்னட்டையில் விலையைப் பார்த்தாள். "பிடிச்சிருந்தா வாங்கிக்கோடி" என்றார் உடன்வந்த தாய். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வேணாம்மா, பப்ளிக் முடியட்டும்" என்று சொல்லி நூலை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, வினா வங்கிகள் அடுக்கியிருந்த அடுத்த அரங்கிற்கு நடந்தாள்.

அவளை எவரும் தடுக்கவில்லை. பெற்றவள் வாங்கித் தர அணியமாக இருந்தாள். ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. அவள் சொன்ன பொதுத்தேர்வுக்கோ இன்னும் ஓராண்டுக்கு மேல் இருந்தது. ஆயினும் ஒரு கதையைப் படிக்கும் உரிமையை அவள் தானாகவே ஒத்திவைத்தாள். கட்டளையிடுவார் இல்லாதபோதும் கட்டளை நிறைவேறுகிறது என்றால், அக்கட்டளை எவ்வளவு ஆழத்தில் வேரோடியிருக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதின்மூன்று வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளத்திலும் 'நான் யார்' என்னும் வினா முதன்முதலாக எழுகிறது. அந்த வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்பைத் தமிழ்ச் சமூகம் இன்று மதிப்பெண் பட்டியலிடம் ஒப்படைத்திருக்கிறது. அதை அதனிடமிருந்து மீட்பதற்குரிய வழிகளுள் முதன்மையான ஒன்று கதை. ஆகவே, பதின்பருவத்தினரின் அகவாழ்வைப் பேசும் இளையோர் புனைகதையை வளர்ப்பது கல்விக்கு அப்பாற்பட்ட பொழுதுபோக்கு அன்று; அது கல்வியின் கடமைகளுள் ஒன்று என்பதே நம் துணிபு.

அரசு இத்துறையில் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. பள்ளிக் கல்வித் துறை தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்' இதழையும், ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயில்வோருக்குத் 'தேன்சிட்டு' இதழையும் வெளியிட்டு வருகிறது. வாசிப்பு இயக்கத்தின் வழியாக நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை வகுத்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பியிருக்கிறது. இவை பாராட்டத்தக்க பணிகள். ஆனால் தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுவதைப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு வருகிறது, கதை விடைபெறுகிறது. எந்த அகவையில் துணை மிகுதியாகத் தேவைப்படுமோ, அந்த அகவையின் வாயிலிலேயே துணை கைவிட்டுப் போகிறது. எவரும் தீய நோக்கத்தோடு வகுத்த எல்லை அன்று இது. எவருக்கும் ஐயம் எழாமலேயே அமைந்துவிட்ட எல்லை என்பதுதான் துயரம்.

தேர்வு இந்த ஆண்டுகளைக் கைப்பற்றிய வரலாறு நீண்டது. 1978-இல் மேனிலைக் கல்வி பள்ளிகளுக்கு வந்தபின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் ஒருவருடைய வாழ்வின் திசையைத் தீர்மானிப்பதாயிற்று. நாளடைவில் பதினொன்றாம் வகுப்புப் பாடங்களை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே இரண்டாண்டுகள் உருப்போட வைக்கும் வழக்கம் தனியார் பள்ளிகள் பலவற்றில் வேரூன்றியது. அதைத் திருத்த எண்ணி 2017-18 கல்வியாண்டில் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. அதனால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு என மூன்றாண்டுகள் தொடர்ந்து பிள்ளைகள் பொதுத்தேர்வு மண்டபத்தில் அமர்ந்தனர். 2025-இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அச்சுமையை இறக்கியிருக்கிறது. இதற்கிடையில் 2017 முதல் மருத்துவக் கல்விக்கு நீட் தேர்வு வந்து சேர்ந்தது. பாடநூல் போதாதென்று பயிற்சி மையமும், பயிற்சி மையம் போதாதென்று மறு ஆண்டும் என்று இளமை நீண்டுகொண்டே போகிறது.

இன்று தமிழகத்துப் பிள்ளை ஒருவர் நான்கு எண்களால் அளக்கப்படுகிறார். பத்தாம் வகுப்பில் 500-க்கு எவ்வளவு. பன்னிரண்டாம் வகுப்பில் 600-க்கு எவ்வளவு. பொறியியல் சேர்க்கைக்கு 200-க்கு எவ்வளவு. நீட் தேர்வில் 720-க்கு எவ்வளவு. திருமண வீட்டில் பந்தி பரிமாறும் நேரத்திலும் உறவினர் இவ்வெண்களையே வினவுகின்றனர். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை 2017-இல் அரசு கைவிட்டது, நல்ல முடிவு. ஆனால் மே மாதத்தில் எந்த ஊரின் பேருந்து நிலையத்திலும் நின்று பாருங்கள். பள்ளிகள் கட்டிய பதாகைகளில் பிள்ளைகளின் முகம் சிறிதாகவும் மதிப்பெண் பெரிதாகவும் அச்சிடப்பட்டிருக்கும். முகத்தைவிட எண் பெரிதாகிவிட்ட அந்தப் பதாகைதான் நம் காலத்தின் கல்விக் கொள்கையை மறைவின்றி அறிவிக்கிறது.

'நான் யார்' என்னும் வினாவுக்கு எண் தரும் விடை பெரும்பாலோர்க்கு நிறைவு தருவதில்லை. எல்லாரும் முதலிடம் பெற இயலாதன்றோ? எண் கைவிட்ட பிள்ளைக்கு வேறு விடைகள் காத்திருக்கின்றன. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்களின் மணிக்கட்டில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் ஏறியதை நாடறியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் அவர்தம் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அரிவாள் ஏந்தி வந்தோர் உடன்பயின்ற மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. தடை வேண்டியதே. ஆனால் கயிற்றை அறுத்த கையில் நாம் எதைக் கொடுக்கிறோம்? தான் பிறவாத வீட்டில் பிறந்த ஒருவனின் நெஞ்சுக்குள் சென்று சிறிது நேரம் வாழ்ந்து திரும்பும் வாய்ப்பைப் பாடநூலின் வினா-விடைப் பகுதி தராது. கதை தரும்.

படிப்பின் சுமையையும் இளமையின் தவிப்பையும் இணைத்துப் பேசும் புனைவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. செருமானிய எழுத்தாளர் எர்மன் எசே 1906-இல் 'சக்கரத்தின் அடியில்' என்னும் நாவலை வெளியிட்டார். அதன் நாயகன் ஆன்சு, சிற்றூரின் அறிவாளிச் சிறுவன். அரசுத் தேர்வுக்காக அவனுடைய தூண்டிலும், அவன் வளர்த்த முயல்களும் அவனிடமிருந்து அகற்றப்படுகின்றன. தேர்வில் அவன் இரண்டாமிடம் பெறுகிறான், ஊரே மகிழ்கிறது. ஆனால் மடாலயப் பள்ளியில் தலைவலியும் தளர்ச்சியும் அவனை உருக்குலைக்க, ஊர் திரும்பி இயந்திரப் பட்டறையில் வேலைக்குச் சேர்கிறான். இறுதியில் ஆற்றில் பிணமாகக் கிடக்கிறான். தவறி விழுந்தானா, தானே இறங்கினானா என்று ஆசிரியர் சொல்லவில்லை. எசே தாமே மௌல்பிரான் மடாலயப் பள்ளியில் சேர்ந்து, 1892-இல் அங்கிருந்து ஓடியவர். அந்நூலில் கொடியவர் எனத் தனியே எவருமில்லை. தந்தை, பாதிரியார், தலைமையாசிரியர் என யாவரும் அவன் நன்மையையே நாடினர். அந்த நன்மையின் எடைதான் அவனை நசுக்கியது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் வேறொரு மொழியில் எழுதப்பட்ட இக்கதையின் முயல் கூண்டு, நம் வீடுகளில் பரண்மேல் ஏறிய மட்டைப் பந்து மட்டையாகவும் உறையிட்டு மூடிய மிருதங்கமாகவும் இருக்கிறது.

தமிழில் இத்தகைய எழுத்து அறவே இல்லை என்று நாம் கூறவில்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா' ஆசிரியர் பலரின் உறக்கத்தைக் கலைத்த கதை. வினாக் கேட்டதற்காக அடிபட்டு, அடியின் வலி தெரியாதிருக்க வழிதேடி உயிரிழந்த பள்ளி மாணவியின் கதை அது. ஆனால் அக்கதையை ஆயிஷா சொல்லவில்லை. குற்ற உணர்வில் வெந்த ஆசிரியை சொல்கிறார். கதையின் வன்மை அதில்தான் இருக்கிறது. எனினும் அது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது: நம் மொழியில் பதின்பருவத்துப் பிள்ளையின் துயரம் பெரியோரின் கழிவிரக்கமாகவே பெரும்பாலும் ஒலித்திருக்கிறது. பிள்ளை தன் குரலில் பேசும் கதைகள் அரியன. அமெரிக்காவில் 1967-இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எழுதிய எசு. ஈ. இன்டன், அதை எழுதும்போது உயர்நிலைப் பள்ளி மாணவி. இளையோர் இலக்கியம் அந்நாட்டில் தனித்துறையாக நிலைபெற அந்நூல் பெருந்துணை செய்தது.

அண்மைக்காலத்தில் நம்பிக்கை தரும் முயற்சிகள் எழுந்துள்ளன. சாகித்திய அகாதமியின் பால சாகித்திய புரஸ்கார் விருதை, 2020-இல் எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'மும், 2023-இல் உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'யும் பெற்றன. முன்னது பிள்ளைகள்மீது நிகழும் பாலியல் அத்துமீறலைத் துணிந்து பேசியது. பின்னது கீழடியை இளையோருக்குக் கதையாக்கியது. ஆயினும் விருதுகளின் அமைப்பைச் சற்று உற்று நோக்குக. குழந்தை இலக்கியத்துக்கு ஒரு விருது உண்டு. 'யுவ புரஸ்கார்' என்று இளமையின் பெயரால் இன்னொன்றும் உண்டு. ஆனால் அது 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளருக்கு உரியது. எழுதுபவரின் இளமை போற்றப்படுகிறது. படிப்பவரின் இளமைக்கென்று தனி இருக்கை இல்லை.

'கதை படித்தால் படிப்புக் கெடும்' என்னும் அச்சத்தைப் பெற்றோர் நம்மிடம் எழுப்புவர். கடன்பட்டுக் கட்டணம் கட்டும் தந்தையின் கவலையை எள்ளுதல் பிழை. ஆனால் பத்துப் பக்கத்தை ஊன்றிப் படித்துப் பொருள் உணரும் பழக்கம் எந்தத் தேர்வுக்கும் பகையன்று. இன்று கதைநூலை மூடிய பிள்ளை பாடநூலைத் திறப்பதும் இல்லை. கைப்பேசியின் அரை நிமிடக் காட்சிகளையே திறக்கிறது. இன்னொரு சாரார், இளையோருக்கு எழுதினால் அறிவுரை நிறைந்திருக்க வேண்டும் என்பர். அதுவும் தவறு. பதினாறு வயதுக்கு அறிவுரைப் பஞ்சம் இல்லை. தன்னைப் போலவே தோற்ற ஒருவன், தன்னைப் போலவே பொறாமைப்பட்ட ஒருத்தி, தன்னைப் போலவே வீட்டில் சொல்லமுடியாத ஒன்றைச் சுமப்பவர் உலகில் உளர் என்று அறிவதே அவ்வயதின் தேவை. அவ்வாறு அறிந்த பிள்ளை தனியன் அல்லன்.

தனிமையைப் பற்றி எளிதாகப் பேசிவிட முடியாது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டனர் என்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு. ஒவ்வோர் இறப்புக்கும் காரணங்கள் பல. தேர்வு ஒன்றையே குற்றவாளியாக்குதல் முறையன்று. கதை ஒன்று இவர்களைக் காத்திருக்கும் என்று கூறும் உரிமையும் நமக்கு இல்லை. துன்பம் மிகும்போது உடனே நாட வேண்டியது மனிதத் துணை. அதற்கு 104, 14416 ஆகிய உதவி எண்கள் உள்ளன. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் அவை எழுதப்படல் வேண்டும். ஆனால் துன்பத்தைப் பிறரிடம் சொல்வதற்கு முதலில் அதற்குரிய சொற்கள் வேண்டும். அச்சொற்களைப் பிள்ளைகள் எங்கே கற்பர்? பாடநூலில் கிட்டாதவற்றைக் கதையில் கற்கலாம்.

நாம் வேண்டுவன பெரும்பொருள் வேண்டுபவை அல்ல. தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிடாமல் பன்னிரண்டாம் வகுப்புவரை ஓர் இதழாக வளரட்டும். அதில் மாணவரே எழுதட்டும். மேனிலை வகுப்புகளின் கால அட்டவணையில் கிழமைக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கட்டும். அதைக் கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ எடுத்துக்கொள்ளும் வழக்கம் ஒழியட்டும். மாவட்ட, கிளை நூலகங்களில் போட்டித் தேர்வுப் பகுதிக்கு அருகிலேயே இளையோர் கதைகளுக்கு ஓர் அலமாரி அமையட்டும். பிள்ளைகள் வந்து அமரும் இடம் அதுவே. பதிப்பாளர் இத்துறைக்கென ஒரு வரிசையைத் தொடங்கட்டும். எழுத்தாளர் தம் பதினாறு வயதை மறவாது திரும்பிச் சென்று, அங்கே விட்டுவந்தவற்றை எடுத்து வரட்டும்.

பெற்றோருக்கும் ஒரு சொல். புத்தகத் திருவிழாவில் நாம் கண்ட தாய் நல்லவர், வாங்கிக்கொள் என்றார். மகள் மறுத்தபோது, பொறுப்பான பிள்ளை என்று மகிழ்ந்துமிருப்பார். ஆனால் பதினாறு வயதில் படிக்க வேண்டிய கதையை முப்பது வயதில் படித்தால் அது வேறொருவரின் கதையாகிவிடும். தேர்வு அடுத்த ஆண்டும் வரும். பதினாறு வயது வராது. பிள்ளை வேண்டாம் என்று வைத்த நூலை அடுத்தமுறை நீங்களே எடுத்து, பணம் கொடுத்து, அவள் பைக்குள் வையுங்கள். மூன்றாம் பக்கத்திலிருந்து அவள் படித்துக்கொள்வாள்.