குத்தாலத்து அடுப்பில் எந்த நெருப்பு?

மாயவரத்துக்கு மேற்கே, காவிரிக் கரையில் இருக்கிறது குத்தாலம். அந்த வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் எரிவாயு கிடைக்கிறது. அதை எரித்து மின்சாரம் எடுப்பதற்காக 2003-04-ம் ஆண்டில் 101 மெகாவாட் மின்நிலையம் ஒன்று கட்டப்பட்டது.

ஆனால் குத்தாலத்துப் பெண்கள் அடுப்பில் எரிப்பது அந்த வாயு அல்ல! மண்ணில் கிடைப்பது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. நாட்டில் செலவாகும் சிலிண்டர் வாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. எங்கோ அரபுக் கடலோரம் சண்டை மூண்டால், குத்தாலத்து அடுப்பங்கரையில் கவலை பிறக்கிறது.

அதனால்தான் பலர் மின்சார அடுப்பின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். பார்ப்பது நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்பது அதைவிட நல்லது.

ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ வாயு இருக்கிறது. அதன் சூட்டில் நல்ல அடுப்பில்கூட மூன்றில் இரண்டு பங்குதான் பாத்திரத்துக்குப் போகும். மீதி சமையல் கட்டைச் சூடாக்கும். "இண்டக்‌ஷன்" அடுப்பு அப்படி அல்ல. காந்த சக்தியால் பாத்திரத்தின் அடியே சூடாகிறது. அதனால் வீணாவது குறைவு. ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை அது ஏறத்தாழ 140 யூனிட்டில் செய்துவிடும்.

ஆகவே, சிலிண்டர் விலையை 140-ஆல் வகுக்க வேண்டும். விலை 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வருவது 6 ரூபாய் 43 காசு. மின்சாரம் யூனிட் அதைவிட மலிவாக இருந்தால் மின்சார அடுப்பு லாபம். இல்லாவிட்டால் கியாஸ் லாபம்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று 2016-ல் தமிழக அரசு அறிவித்தது. "இலவச மின்சாரத்தில் சமைக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லுவார். ஆனால் அந்த 100 யூனிட்டை விளக்கும் விசிறியும் மிக்சியுமே தின்றுவிடும். சமையலுக்கு ஆகும் யூனிட் அதற்கு மேல் போய் ஏறும். மேலே போகப் போக விலையும் ஏறும். கடைசி யூனிட்டின் விலையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

பாத்திரத்தையும் பார்க்க வேண்டும். அடியில் காந்தம் ஒட்டினால்தான் இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடாகும். மண்சட்டி, அலுமினியம், பித்தளை, வெண்கலப் பானை, ஒன்றும் ஆகாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பும் ஆகாது. தஞ்சைச் சீமையில் இது சின்னக் குறை அல்ல! கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடவும், அப்பளம் வாட்டவும் நெருப்பு வேண்டும். கம்பிச்சுருள் அடுப்பில் எந்தப் பாத்திரமும் வைக்கலாம். ஆனால் அது சூடாக நேரம் பிடிக்கும்.

பழைய ஓட்டு வீடுகளில் கம்பியும் பழையதாகவே இருக்கும். 2,000 வாட் அடுப்பு 9 ஆம்பியர் வரை இழுக்கும். விளக்குக்குப் போட்ட சின்ன பிளக்கில் அதைச் சொருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கலாம். அடுப்பு வாங்கும் முன், பெரிய பிளக்கும் எர்த்தும் போட வேண்டும். இந்தச் செலவை யாரும் விளம்பரத்தில் சொல்லுவதில்லை.

கியாசிலும் ஆபத்து உண்டு. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கும். அதற்கு இயற்கையில் வாசனை இல்லை. கசிவு தெரியட்டும் என்றே நாற்றம் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடக்கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்குப் போன் செய்ய வேண்டும்.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவின் தென்பகுதியைச் சூறையாடியது. மின்கம்பங்கள் லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. பல ஊர்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. சிலிண்டர் வைத்திருந்தவர் வீட்டில் கஞ்சியாவது கொதித்தது. மின்சாரத்தை மட்டும் நம்பியிருந்தால் அதுவும் இல்லை.

ஆகவே, குத்தாலத்துக் குடும்பம் கியாஸ் அடுப்பைக் கைவிட வேண்டியதில்லை. கம்பியும் கையிருப்பும் இடம் கொடுத்தால், பால் காய்ச்சவும் வெந்நீர் வைக்கவும் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு பக்கத்தில் இருக்கட்டும். சிலிண்டர் வரத் தாமதமாகும் நாளில் சோறும் அதில் வேகும். ஈயச்சொம்பு மட்டும் கியாஸ் அடுப்பிலேயே இருக்கட்டும். ரசம் ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.