குழாய்ல தண்ணி வரலைன்னா யாரைக் கேட்கணும்? மணியாச்சியிலிருந்து ஒரு உள்ளாட்சித் தேர்தல் பாடம்

நெல்லையிலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ மதுரைப் பக்கம் ரயிலில் போகிறவர்களுக்கு மணியாச்சியைத் தெரியும். 1911 ஜூன் 17-ம் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்ட இடம். இன்று ஸ்டேஷனின் பெயரே வாஞ்சி மணியாச்சி. ஆனால், ஸ்டேஷனுக்கு வெளியே இருக்கும் ஊர், ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில் ஒரு கிராம ஊராட்சி. அங்கே குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் கேட்பது?

2025 ஜனவரி 5 வரை பதில் சுலபம். வார்டு மெம்பரைப் பார்க்கலாம், தலைவர் வீட்டுக்குப் போகலாம். அதன்பிறகு?

என்னதான் நடந்தது?

தூத்துக்குடி உட்பட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். ஜெயித்தவர்கள் 2020 ஜனவரி 6-ல் பதவியேற்றார்கள். ஐந்து ஆண்டு முடிந்தது. அரசியலமைப்புச் சட்டத்தின் 243-இ பிரிவு, பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடிக்க வேண்டும் என்கிறது. முடிக்கவில்லை. சட்டத்தைத் திருத்தி தனி அலுவலர்களை நியமித்தது தமிழ்நாடு அரசு. முதலில் ஆறு மாதம் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள்.

இது புதுசும் கிடையாது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, பழங்குடியினர் இடஒதுக்கீடு சரியாகப் பின்பற்றப்படவில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு மூன்று ஆண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சிதான்.

வார்டு மறுவரையறை முடியவில்லை என்பது தாமதத்துக்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம். ஆனால், 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில் உச்ச நீதிமன்றம், மறுவரையறை நடந்துகொண்டிருப்பதைக் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

அதான் அதிகாரி இருக்காரே, வேலை நடக்காதா?

நடக்கும். சம்பளம் போகும், மோட்டார் ஓடும். ஆனால், ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்பது வட்டார வளர்ச்சி அலுவலர். ஓட்டப்பிடாரம் ஒன்றியத்தில் மட்டும் சுமார் 60 ஊராட்சிகள். ஒருத்தர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வரவேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

பக்கத்திலேயே இருக்கும் கோவில்பட்டியைப் பாருங்கள். அது நகராட்சி. அங்கே 2022 பிப்ரவரி 19-ல் தேர்தல் நடந்தது. அதனால், 2025-ல் கோவில்பட்டிக்காரருக்குக் கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர் இருந்தார், மணியாச்சிக்காரருக்கு யாருமில்லை.

பணத்திலும் அடி விழும். 15-வது நிதிக்குழுவின் மானியம், தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளுக்குத்தான். அந்த மானியத்தில் 60% குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. தேர்தல் தள்ளிப்போனால் முதலில் பாதிக்கப்படுவது குழாயும் குப்பையும்தான்.

கரிசலில் தண்ணீர் ஏன் தேர்தல் விஷயம்?

மணியாச்சி, ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி எல்லாமே மானாவாரி பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் விவசாயம். பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. அதனால் குடிநீருக்குத் தாமிரபரணியையே பார்த்திருக்க வேண்டியிருக்கிறது. கோவில்பட்டிக்கே சீவலப்பேரியிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் குடிநீர்த் திட்டங்கள் சேதமானபோது, ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் ஊர்களிலும் குழாய் காய்ந்தது.

மண்ணும் சும்மா இருக்காது. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் கரிசல், புதைத்த பைப்பையும் சேர்த்து இழுக்கும். ஜாயின்ட் விடும், கசியும். ஜல் ஜீவன் மிஷனில் வீட்டுக்கு வீடு குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது இலக்கு. குழாய் போடுவது ஒருமுறைச் செலவு. பராமரிப்பு வருஷா வருஷம் வரும். ஆற்றிலிருந்து ஊர்த் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம் என்றால், தொட்டியிலிருந்து உங்கள் தெரு வரை ஊராட்சியின் பொறுப்பு.

எது ஊராட்சி வேலை, எது இல்லை?

ஊராட்சி: ஊருக்குள் குடிநீர், தெருவிளக்கு, வாறுகால், குப்பை, ஊராட்சிச் சாலை, சுடுகாடு, பொதுக் கழிப்பறை. வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் வசூலிப்பதும் அதுவே.

ஊராட்சி கையில் இல்லாதவை: வீட்டுக்கு வரும் கரன்ட், ரேஷன் கடை, பட்டா, பஸ், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டாக்டர், ரயில் நிறுத்தம். இதற்கெல்லாம் தீர்மானம் போடலாம், மனு கொடுக்கலாம். உத்தரவு போட முடியாது.

இந்தப் பட்டியல் தெரிந்திருந்தால், பிரசாரத்தில் பாதிப் பேச்சு தானாகவே உதிர்ந்துவிடும். "நான் வந்தா எக்ஸ்பிரஸ் ரயில் நிக்கும்" என்று சொல்கிற தலைவர் வேட்பாளரிடம், "சரிண்ணே, நம்ம தெரு வாறுகால் எப்ப சரியாகும்?" என்று கேட்கலாம்.

ஓட்டுக் கேட்டு வந்தால் என்ன கேட்பது?

ஒன்று, தண்ணீர். எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு? அட்டவணையை எழுதி வைப்பீர்களா? மோட்டார் எரிந்துபோனால் எத்தனை நாளில் சரியாகும், அதுவரை என்ன ஏற்பாடு?

இரண்டு, கணக்கு. வீட்டு வரி எவ்வளவு வந்தது, தெருவிளக்குக்குக் கரன்ட் பில் எவ்வளவு, பராமரிப்புக்கு என்ன மிச்சம்? கிராம சபையில் வாசித்துக் காட்டுவீர்களா?

மூன்று, அதிகாரம். உங்கள் கையில் இல்லாத வேலையை யாரிடம், எப்படிக் கொண்டு போவீர்கள்?

அதுவரை சும்மா இருக்கணுமா?

வேண்டாம். கிராம சபைக்குத் தனி அலுவலர் காலத்திலும் வேலை உண்டு. குடியரசு தினம், உலகத் தண்ணீர் தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினம் என ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்த்தாலும், இதில் பெரும்பாலானவை உங்களுக்கும் விடுமுறை நாள். ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் உட்கார்ந்து, உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

தேர்தல் வரும்போது ஊரக வாக்காளருக்கு நான்கு ஓட்டு: வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு, மாவட்ட வார்டு. முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அதாவது கட்சியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் போட வேண்டிய ஓட்டு. ஓட்டுப் போட 18 வயது போதும், போட்டியிட 21. பாதி இடங்கள் பெண்களுக்கு. கேள்வி கேட்டு அலுத்துப்போனவர்கள் நிற்கவும் செய்யலாம்.