இந்தியர்கள் ஜயித்தார்கள்!

சென்ற வாரம் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து என் முன்னால் நின்றான்.

"ஸார்! 1912ஆம் வருஷத்தில் இந்தியர்கள் அமெரிக்க ராணுவத்தை 27க்கு 6 என்ற கணக்கில் தோற்கடித்திருக்கிறார்களாம். நம்முடைய சரித்திரப் புத்தகத்தில் இதை ஏன் போடவில்லை?" என்று கேட்டான்.

சரித்திரம் சொல்லிக்கொடுத்தே வயிறு வளர்க்கிற எனக்கு ஒரு கணம் தலை சுற்றிற்று. வெள்ளையரிடம் நாம் கைகட்டி நின்ற காலத்தில் நம் தேசத்தார் அமெரிக்காவின்மீது படையெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. முந்திய இரவு தன் தகப்பனாரின் கைப்பேசியில் படித்ததை அவன் விவரமாகச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கிற்று. ஜயித்தவர்கள் இந்தியர்கள்தான், ஆனால் நம்மவர்கள் அல்ல. 1492இல் கொலம்பஸ் தான் கண்ட கரையை இந்தியா என்று எண்ணிக்கொண்டு, அங்கே இருந்தவர்களுக்கு நம்முடைய பெயரைச் சூட்டிவிட்டான் அல்லவா? அந்த ஆதிக்குடிகள்தான் இவர்கள். நடந்ததும் பீரங்கி யுத்தமல்ல, பந்தாட்டம்.

ஆனால் அது வெறும் பந்தாட்டமும் அல்ல என்பதை நேயர்கள் சற்று நேரத்தில் ஒப்புக்கொள்வார்கள்.

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்லும் ஆட்டத்தில் காலால் உதைப்பது சொற்பம். பந்தும் உருண்டையானதல்ல, பலாக்கொட்டையைப் பெரிதாக்கினாற்போல் இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடவேண்டும். எதிர்க்கட்சிக்காரர்கள் மேலே பாய்ந்து விழுத்தாட்டுவார்கள். பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் 10 கஜமாவது முன்னேறாவிட்டால் பந்து கை மாறிவிடும். இந்த நான்கு முயற்சி விதி ஏற்பட்டதே அந்த 1912இல்தான். நமது சடுகுடுவையும் மல்யுத்தத்தையும் கலந்து, அதற்குள் சதுரங்கத்தையும் ஒளித்து வைத்தாற்போன்ற ஆட்டம் அது.

பென்ஸில்வேனியா மாகாணத்தில் கார்லைல் என்று ஓர் ஊர். அங்கே பழைய ராணுவக் கொட்டடி ஒன்றில், 1879இல், பிராட் என்னும் ராணுவ அதிகாரி ஆதிக்குடிப் பிள்ளைகளுக்காக ஒரு தொழிற்பள்ளியை ஆரம்பித்தார். 140க்கும் மேற்பட்ட குலங்களிலிருந்து குழந்தைகள் கொண்டுவரப்பட்டார்கள். வந்தவுடன் தலைமயிரைக் கத்தரித்தார்கள். தாய் தகப்பன் வைத்த பெயரை மாற்றினார்கள். தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்றுவதே தமது நோக்கம் என்று பிராட் 1892இல் பகிரங்கமாகவே சொன்னார். கொல்வது என்ற சொல்லை உருவகமாகத்தான் சொன்னாரோ என்னவோ! வீடு திரும்பாமலே இறந்துபோன குழந்தைகளின் கல்லறைகள் அந்தப் பள்ளிக்கு அருகே வரிசையாக நிற்கின்றன.

இப்படிப்பட்ட பள்ளியின் பிள்ளைகள்தாம் ஹார்வர்டு, பென்ஸில்வேனியா போன்ற பெரிய கலாசாலைகளோடு பந்தாடக் கிளம்பினார்கள். எதிரிகள் பெரும்பாலும் உடல் பருத்தவர்கள், இவர்கள் மெலிந்தவர்கள். ஆகவே புத்தியை உபயோகித்தார்கள். 1903இல் ஹார்வர்டுடன் ஆடியபோது, பந்தை ஒருவன் சட்டைக்குள் முதுகுப் பக்கமாகச் செருகிவிட, எதிரிகள் பந்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவன் கோடு வரை ஓடிவிட்டான்! ஆட்டத்தில் 12க்கு 11 என்று தோற்றது வேறு விஷயம். பந்தை முன்னோக்கி எறியலாம் என்று 1906இல் விதி மாறியதும், அதை வித்தையாகவே பயின்று, 1907இல் பென்ஸில்வேனியாவை 26க்கு 6 என்று வீழ்த்தினார்கள்.

1912ஆம் வருஷக் கோஷ்டியின் பயிற்சியாளர் வார்னர். ஆட்டக்காரர்களில் ஜிம் தோர்ப் தலையாயவன். ஸாக் அண்டு பாக்ஸ் என்னும் குலத்தைச் சேர்ந்தவன். அதே வருஷம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கங்களை ஜயித்துவிட்டு வந்திருந்தான்.

நவம்பர் 9ஆம் தேதி வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி மைதானத்தில் இவர்கள் இறங்கினார்கள். அதற்கு 22 வருஷங்களுக்கு முன்புதான், 1890 டிசம்பரில், 'வூண்டட் நீ' என்னும் இடத்தில் அமெரிக்கத் துருப்புகள் லகோட்டா குலத்தாரை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், நூற்றுக்கணக்கில் சுட்டுத் தள்ளியிருந்தன. இப்போது எதிரே நிற்கிறவர்கள் அதே ராணுவத்தின் வருங்கால அதிகாரிகள். அவர்களில் ஒருவர் ஐஸன்ஹோவர். பிற்காலத்தில் ஜனாதிபதியாகி, 1959இல் நம் டில்லிக்கும் வந்து போனவர். அன்று கார்லைல் பிள்ளைகள் 27, ராணுவத்தார் 6. துப்பாக்கிக்குப் பதில் பந்தை வைத்து, விதிகளை இருதரப்புக்கும் சமமாக்கியபோது கணக்கு இப்படி முடிந்தது.

அந்த வருஷம் 12 ஆட்டங்களில் வெற்றி, ஒன்றில் சமம், ஒன்றில் தோல்வி. தோல்வி எப்போது என்றால் ராணுவத்தை வென்ற மறுவாரமே! பென்ஸில்வேனியா கலாசாலை 34க்கு 26 என்று மடக்கிவிட்டது. வெற்றி மயக்கம் எல்லாக் குலத்தாருக்கும் பொது.

நமக்கு இதில் ஏதோ பழகிய வாசனை அடிக்கிறதல்லவா? இதற்கு முந்திய வருஷம், 1911 ஜூலை 29ஆம் தேதி, கல்கத்தாவில் மோகன் பகான் கோஷ்டியார் ஒருவரைத் தவிர மற்றெல்லோரும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2க்கு 1 என்று வென்று கேடயம் பெற்றார்கள். எங்கள் ஓசூருக்கு அண்டையிலுள்ள பெங்களூரின் முஸ்லிம் கோஷ்டி 1937இல் ரோவர்ஸ் கோப்பையைப் பம்பாயிலிருந்து கொண்டுவந்தது. அடிமைப்பட்டவன் மைதானத்தில் நிமிர்ந்து நிற்பது இரண்டு கண்டங்களிலும் ஏககாலத்தில் நடந்திருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மோகன் பகான் வீரர்கள் ஜயித்த அன்றிரவு தங்கள் வீட்டில், தங்கள் பாஷையில் அந்தக் கதையைச் சொன்னார்கள். கார்லைல் பிள்ளைகள் தங்கள் பள்ளியில் அதைத் தாய்மொழியில் சொல்லக்கூடாது.

இதை எழுதும்போது என் கை தயங்குகிறது. பதினைந்து வருஷங்களுக்கு முன், நான் வேலைக்குப் புதிது. இந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் தவிர வேறு பாஷை பேசினால் அபராதம் என்பது சட்டம். எல்லை ஓரத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்துகொண்டிருந்தான். வீட்டிலே தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், கடைத்தெருவில் தமிழ். மூன்றும் அவன் நாவில் தண்ணீராக ஓடும். கால்பந்தில் சூரன். ஆட்டத்தின் உச்சத்தில், "பந்தை இங்கே தள்ளு!" என்று தெலுங்கில் கூவிவிட்டான். சட்டத்தைக் காப்பாற்றுகிறவன் என்ற மிடுக்கில், அவனுக்கு அபராதம் போட்டு ஒரு வாரம் ஆட்டத்திலிருந்தும் நிறுத்தி வைத்தேன். அதற்குப் பிறகு அவன் ஆடினான், நன்றாகவே ஆடினான். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பந்து வேண்டுமென்றால் கையை மட்டும் தூக்குவான். அடுத்த வருஷம் பள்ளியைவிட்டே போய்விட்டான். அந்தத் தூக்கிய கை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. தோர்ப் முன்பு கூலிக்குப் 'பேஸ்பால்' ஆடியதைக் குற்றமாகச் சொல்லி 1913இல் பறித்த வெற்றிப் பட்டங்களை, அவன் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின், 1982இல் பாதி மனதோடும் 2022இல் முழுமையாகவும் திருப்பிக் கொடுத்தார்கள். இத்தகைய பள்ளிகளை நடத்தியதற்காக அமெரிக்க ஜனாதிபதி பைடன் 2024 அக்டோபரில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பெரிய சர்க்காரே கேட்கும்போது ஒரு சின்ன உபாத்தியாயர் கேட்பதில் என்ன வெட்கம்?

இப்போது எங்கள் மைதானத்தில் சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகளும் ஆடுகிறார்கள். தெலுங்கு, கன்னடம், உருது, தமிழோடு ஒடியாவும் ஹிந்தியும் சேர்ந்து காது செவிடுபடுகிறது. யாரும் அபராதம் கேட்பதில்லை.

கேள்வி கேட்ட பையனிடம், "ஜயித்தவர்கள் நம்மவர்கள் அல்ல" என்று சொல்லி அனுப்பியிருந்தேன். நாளைக்கு அவனைக் கூப்பிட்டு மீதிக் கதையையும் சொல்லவேண்டும்.